பச்சை வாந்தியிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் வரை: குழந்தைகளின் குடல் முறுக்கு, முழுமையான வழிகாட்டி

கைக்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதைக் குடல் முறுக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் இந்த விதி கறாராகப் பின்பற்றப்படுகிறது. அப்படி வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் முறுக்கு இருப்பதில்லை. பலருக்கு வேறு காரணம்தான் தெரியவரும். ஆனால் இருக்கிற ஒரு குழந்தையைத் தவறவிட்டால், சில மணி நேரத்தில் சிறுகுடல் முழுவதும் அழுகிவிடலாம். அந்த இழப்பை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடியாது.

பெற்றோருக்குத் தேவையானதும், முதலில் பார்க்கும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் தேவையானதும் இதில் சேர்ந்தே வருகின்றன. அளவுகள் அனைத்தும் மருத்துவமனையில் கையாள்வதற்கானவை.

குடல் ஏன் முறுக்கிக்கொள்கிறது

கரு வளரும்போது ஆறாவது வார வாக்கில் குடல் வயிற்றுக்குள் இடம் போதாமல் தொப்புள்கொடிக்குள் தள்ளப்படுகிறது. அங்கேயே சுழலத் தொடங்கி, பத்தாவது வாரத்தை ஒட்டி வயிற்றுக்குள் திரும்புகிறது. இந்தப் பயணத்தில் அது சிறுகுடலுக்கு ரத்தம் தரும் பெரிய தமனியை அச்சாகக் கொண்டு மொத்தம் 270 பாகை இடஞ்சுழியாகத் திரும்ப வேண்டும். சரியாகத் திரும்பினால் முன்சிறுகுடல் (சிறுகுடலின் முதல் பகுதி) முடியும் வளைவு முதுகெலும்புக்கு இடப்பக்கம் மேலேயும், பெருங்குடலின் தொடக்கம் வலப்பக்கம் கீழேயும் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள நீளம்தான் குடலைத் தாங்கும் சவ்வான குடல்தாங்கியின் அடித்தளம். அகலமான அடித்தளத்தில் நிற்கும் குடல் சுழலாது.

சுழற்சி பாதியில் நின்றுபோனால் இரண்டு புள்ளிகளும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிடும். விரித்த விசிறி போல இருக்க வேண்டிய குடல்தாங்கி, காம்பில் தொங்கும் பழம் போல ஆகிவிடுகிறது. அந்தக் காம்புக்குள்தான் தமனியும் சிரையும் ஓடுகின்றன. குடல் வலஞ்சுழியாக ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ திரும்பினால் முதலில் மெல்லிய சுவருள்ள சிரை நசுங்கும், குடல் வீங்கும், பிறகு தமனியும் அடைபடும். கூடவே, இடம் தவறி மேலே நிற்கும் பெருங்குடல் தொடக்கத்திலிருந்து வயிற்றின் வலப்பக்கச் சுவருக்கு நார்ப்பட்டைகள் முன்சிறுகுடலின் குறுக்கே ஓடி அதை அழுத்தும். இவற்றுக்கு லாட் பட்டைகள் என்று பெயர். பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் லாட் 1936-ல் விவரித்த அறுவை முறைதான் இன்றும் அடிப்படை.

பிறந்த முதல் மாதத்தில்தான் ஆபத்து மிக அதிகம். ஆனால் ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும்கூட முறுக்கு வரும். உதரவிதானத்தில் துளையோடு பிறந்தவர்கள், குடல் வெளியே தள்ளிப் பிறந்தவர்கள், இதயமும் உள்ளுறுப்புகளும் இடம் மாறி அமைந்தவர்கள் ஆகியோருக்குக் குடல் சுழற்சிக் குறையும் சேர்ந்தே இருப்பது வழக்கம்.

நிறத்தைப் பாருங்கள், வயிற்றை நம்பாதீர்கள்

பித்தநீர் முன்சிறுகுடலில்தான் குடலுக்குள் வருகிறது. அந்த இடத்துக்குக் கீழே அடைப்பு இருந்தால் வாந்தியில் பித்தநீர் இருக்கும். புதிய பித்தநீர் பொன்மஞ்சளாக இருக்கும். இரைப்பை அமிலத்தோடு கலந்து சிறிது நேரம் தங்கினால் இலைப் பச்சையாக மாறும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ‘பித்த வாந்தி’ என்பது நம் பேச்சில் சாதாரணச் சொல். மஞ்சளாகக் கசந்து வந்தால் யாரும் பதறுவதில்லை. பெரியவர்களுக்கு அந்த அலட்சியம் பரவாயில்லை, ஒரு மாதக் குழந்தைக்குச் செல்லாது. முதல் நாட்களில் சீம்பாலைக் கக்கினாலும் மஞ்சளாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளைத் துணியில் பச்சைக் கறை விழுந்தால் அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

பலரையும் ஏமாற்றுவது வயிறு. அடைப்பு உணவுப் பாதையின் மேல்பகுதியில் இருப்பதால் வயிறு உப்பாது. தொட்டால் மெத்தென்று இருக்கும், குழந்தை வாந்திகளுக்கு இடையே சிரிக்கக்கூடச் செய்யும். அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம் வெளியேறும் என்பதால், மலம் போனது என்பதும் ஆறுதல் தராது. வயிறு உப்பிப் பளபளத்துச் சிவந்திருப்பது, மலத்தில் ரத்தம், தொட்டாலே அலறுவது, கைகால் சில்லிட்டுச் சோர்ந்து கிடப்பது எல்லாம் குடலில் ரத்த ஓட்டம் நின்றுவிட்டதன் அடையாளங்கள். அவை தெரிவதற்கு முன்பே கண்டுபிடிப்பதில்தான் இந்த நோயில் வெற்றி இருக்கிறது.

பெரிய குழந்தைகளில் படம் வேறு. குடல் பாதி முறுக்கித் தானே விடுபடுவதால் சாப்பிட்ட பின் வயிற்றுவலி, அவ்வப்போது வாந்தி, எடை ஏறாமை என்று மாதக்கணக்கில் இழுக்கும். பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறது என்ற முத்திரைகூட விழும். ‘வலி வரும்போது வாந்தி பச்சையாக இருந்ததா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதை தெளியும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பாலும் தண்ணீரும் நிறுத்துங்கள். வாயு மருந்து, வாந்தி மருந்துச் சொட்டு, வயிற்றைத் தடவி நீவிவிடுவது எதுவும் வேண்டாம். முதல் பச்சை வாந்தி எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கறை பட்ட துணியைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். போனில் எடுத்த படமும் உதவும், ஆனால் விளக்கொளியில் நிறம் மாறித் தெரியலாம், துணிதான் நல்ல சாட்சி. முடிந்தால் குழந்தை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். அது வெகு தூரம் என்றால் அருகிலுள்ள மருத்துவமனையில் டிரிப் போட்டு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் அனுப்பச் சொல்லுங்கள். வரவேற்பில் ‘வாந்தி’ என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ‘பச்சை வாந்தி’ என்று சொல்லுங்கள்.

மருத்துவமனையில் முதல் அரை மணி நேரம்

சுவாசம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் சூடு, மார்பில் விரலால் அழுத்தி விட்டால் நிறம் திரும்பும் நேரம் ஆகியவற்றைப் பாருங்கள். நிறம் திரும்ப 3 நொடிக்கு மேலானால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. எடை போடாமல் எதையும் தொடங்காதீர்கள், எல்லாக் கணக்கும் அதில்தான் நிற்கிறது.

அடுத்து மூக்கு வழியே இரைப்பைக்கு டியூப். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கைக்குக் கிடைத்த 5 அல்லது 6 பிரெஞ்சு (டியூபின் தடிமனைக் குறிக்கும் அலகு) அளவுப் பால் டியூபைப் போடுவது. அதன் துளை சிறியது, கெட்டியான பித்தநீர் வராது, டியூபைச் சுற்றியே குழந்தை வாந்தி எடுத்து நுரையீரலுக்குள் இழுத்துவிடும். முழு மாதக் குழந்தைக்கு 8 பிரெஞ்சாவது வேண்டும், போகுமானால் 10. மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் நுனிக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி வரை அளந்து டியூபில் குறியிடுங்கள். போட்டதும் சிரிஞ்சால் இழுத்துக் காலி செய்து, பிறகு மூடாமல் பையில் வடிய விடுங்கள். வடிந்தது பச்சையா, எத்தனை மில்லி என்று எழுதுங்கள். இரைப்பை காலியானதும் குழந்தை அமைதியாகத் தூங்கும். அதைப் பார்த்துத் தேறிவிட்டது என்று எண்ணி வேகத்தைக் குறைப்பது இன்னொரு பொறி.

நரம்பில் ஊசி, முடிந்தால் இரண்டு இடத்தில். நரம்பு கிடைக்காமல் பலமுறை குத்திக்கொண்டிருப்பதைவிட எலும்புக்குள் ஊசி போடுவது நல்லது. அதிர்ச்சி நிலை (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை) இருந்தால் 0.9 சதவீத சலைன் கிலோவுக்கு 10 மில்லி, 10–20 நிமிடத்தில். பார்த்துவிட்டு மறுபடி 10. 3.2 கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 32 மில்லி. ரத்த குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லி, அதாவது அதே குழந்தைக்கு 6.4 மில்லி. டியூபில் வடியும் நீரை வழக்கமான டிரிப்போடு சேர்த்துக் கணக்கிடக் கூடாது. நான்கு மணி நேரத்தில் 24 மில்லி வடிந்திருந்தால், அடுத்த நான்கு மணி நேரத்தில் 24 மில்லி சலைன் தனியாக ஏற வேண்டும். சிறுநீர் போகத் தொடங்கிய பிறகே பொட்டாசியம் சேருங்கள். மணிக்கு, கிலோவுக்கு 1 மில்லியாவது சிறுநீர் வருவது இலக்கு.

ரத்தம் எடுக்கும்போதே ரத்த வாயு, லாக்டேட் (ரத்த ஓட்டம் குறைந்த திசுவில் சேர்வது), குளுக்கோஸ், சோடியம், பொட்டாசியம், அணுக்கள், உறைதல், ரத்த வகைப் பொருத்தம் எல்லாம் ஒரே குத்தில் போகட்டும். லாக்டேட் உயர்ந்திருந்தால் நிலைமை மோசம். உயராவிட்டால் முறுக்கு இல்லை என்று ஆகிவிடாது. ஆன்டிபயாடிக், பொதுவாக ஆம்பிசிலின், ஜென்டாமைசின், மெட்ரோனிடசோல் கூட்டு, முதல் தவணை இங்கேயே. பிறந்தபோது வைட்டமின் கே போடவில்லை என்றால் இப்போது 1 மில்லிகிராம். குழந்தையை வெதுவெதுப்பாக வையுங்கள். குளிர்ந்த குழந்தைக்கு ரத்தம் உறையாது, அமிலத்தன்மையும் ஏறும்.

இவற்றோடு சேர்த்தே அறுவை சிகிச்சை நிபுணருக்குப் போன் போக வேண்டும், எல்லாம் முடித்துவிட்டு அல்ல. போனில் சொல்ல வேண்டியது சில வரிதான்: வயது, எடை, முதல் பச்சை வாந்தி எப்போது, இப்போது வயிறும் நாடியும் எப்படி, டியூபில் என்ன வந்தது. அனுப்பும் மருத்துவமனையில் ஸ்கேனுக்கு ஆள் வரக் காத்திருந்து இரண்டு மணி நேரம் போக்குவதைவிட, டியூபும் டிரிப்பும் போட்டு உடனே அனுப்புவது மேல்.

எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும்

அதிர்ச்சி நிலையில், வயிறு இறுகி, மலத்தில் ரத்தத்தோடு வந்த குழந்தைக்கு ஸ்கேனே வேண்டாம். நேராகத் தியேட்டர்தான். அந்த நிலையில் திரவம் ஏற்றி முழுவதும் சீராக்கிவிட்டு ஆபரேஷன் என்று தள்ளிப்போடுவதும் தவறு. காரணம் அழுகும் குடல். அதை அவிழ்க்காமல் குழந்தை சீராகாது. திரவமும் மயக்க மருந்தும் ஒன்றாக நகர வேண்டும்.

நிலையாக இருக்கும் குழந்தைக்கு முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். வயிற்றில் துளை விழுந்து காற்று வெளியேறியிருக்கிறதா, கீழ்க்குடல் அடைப்பா என்று பார்க்க அது பயன்படும். முறுக்கைக் கண்டுபிடிக்க அது போதாது. முறுக்கு இருக்கும்போதே எக்ஸ்ரே இயல்பாக வருவது சகஜம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற இரண்டு சொல்லை நம்பி வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மறுநாள் கருத்த குடலோடு திரும்பிவரும் குழந்தைகள் உண்டு.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கதிர்வீச்சு இல்லாதது, படுக்கையருகிலேயே எடுக்கலாம். மேல்வயிற்றில் குறுக்காகக் கருவியை வைத்து மெல்லக் கீழே நகர்த்தும்போது, சிரையும் குடல்தாங்கியும் தமனியைச் சுற்றி வலஞ்சுழியாகச் சுழல்வது தெரிந்தால் அதுதான் சுழல் குறி. ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளரில் நீர்ச்சுழி போலவே இருக்கும். தெளிவாகத் தெரிந்துவிட்டால் வேறு படம் தேவையில்லை. சாதாரணமாகச் சிரை தமனிக்கு வலப்பக்கம் இருக்கும். இடம் மாறியிருந்தால் சந்தேகம் கூடும். ஆனால் அது சரியாக இருந்தும் சுழற்சிக் குறை இருக்கலாம், மாறியிருந்தும் எதுவும் இல்லாமல் போகலாம். முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதி தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவே போகிறதா என்று பார்ப்பது இன்னும் பயனுள்ளது. வாயு நிறைந்து ஒன்றும் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுத வேண்டும், ‘இல்லை’ என்று அல்ல.

சந்தேகம் தீராவிட்டால், குடலை எக்ஸ்ரேயில் துலக்கிக் காட்டும் மருந்து செலுத்தி எடுக்கும் மேல்குடல் எக்ஸ்ரே. பலகாலமாக இதுவே அளவுகோல். செய்முறையில் நுணுக்கம் அதிகம். டியூபை வைத்து இரைப்பையை முதலில் காலி செய்யுங்கள். உடலின் உப்புச்செறிவை ஒத்த, அயனியற்ற நீரில் கரையும் மருந்தைச் சிறிதளவு விடுங்கள். அடர்த்தியான கரைசல் நுரையீரலுக்குள் போனால் நீர் கோத்துக்கொள்ளும். குழந்தையை வலப்பக்கம் சாய்த்து, மருந்து முன்சிறுகுடலில் பின்னோக்கிப் போய் முதுகெலும்பை ஒட்டியே இறங்கி ஏறுகிறதா என்று பாருங்கள். உடனே மல்லாத்தி, துளியும் சாயாமல் நேராக வைத்து, முன்சிறுகுடல் முடியும் வளைவு (ரிப்போர்ட்டில் டி.ஜே. என்று வரும்) எங்கே என்று பிடியுங்கள். அது முதுகெலும்பின் இடது ஓரத்தைத் தாண்டி இடப்பக்கமாக, இரைப்பை வாயிலின் மட்டத்துக்கு ஏறி நிற்க வேண்டும். முதல் ஓட்டத்திலேயே இதைப் பிடிக்காவிட்டால், பிறகு மருந்து நிறைந்த குடல்கள் வந்து மறைத்துவிடும். குழந்தை கொஞ்சம் திரும்பிப் படுத்திருந்தாலோ, இரைப்பை ஊதியிருந்தாலோ நல்ல வளைவும் இடம் தவறியதாகத் தெரியும். முறுக்கு இருந்தால் மருந்து திருகாணி போலச் சுழன்று இறங்கும், அல்லது பறவை அலகு போலக் கூர்மையாகி நின்றுவிடும்.

ஆசனவாய் வழி மருந்து ஏற்றிப் பெருங்குடலைப் பார்ப்பதை இதற்கு மாற்றாக வைக்காதீர்கள். சுழற்சிக் குறை உள்ளவர்களில் சிலருக்குப் பெருங்குடல் தொடக்கம் சரியான இடத்திலேயே இருக்கும்.

பச்சையாக இல்லாமல், மூன்று முதல் ஆறு வாரக் குழந்தை பாலை மட்டும் பீய்ச்சி வாந்தி எடுத்தால் இரைப்பை வாயில் தடிப்பு. ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் விட்டுவிட்டு அலறி, சளியும் ரத்தமுமாக மலம் போனால் குடல் செருகல். எக்ஸ்ரேயில் இரண்டு குமிழ் மட்டும் தெரிந்து கீழே காற்றே இல்லை என்றால் பிறவி அடைப்பு. கிருமித் தொற்றிலும் பச்சை வாந்தி வரும். தொற்று என்று மருந்து தொடங்கிவிட்டு முறுக்கை மறந்துவிடக் கூடாது. அரைவடம் அவிழ்த்து, டயப்பரைக் கழற்றி இடுப்பு மடிப்பைப் பாருங்கள். சிக்கிய குடலிறக்கம் அங்கே ஒளிந்திருக்கும்.

லாட் அறுவை: உள்ளே என்ன நடக்கிறது

தொப்புளுக்குச் சற்று மேலே வலப்பக்கமாகக் குறுக்குவெட்டு. குடல் முழுவதையும் வெளியே எடுக்காமல் முறுக்கின் அடிப்பகுதி தெரியாது. முறுக்கு வலஞ்சுழி என்பதால் இடஞ்சுழியாக அவிழ்க்க வேண்டும். கடிகார முள்ளைப் பின்னோக்கித் திருப்புவதாக நினைத்துக்கொள்வார்கள். ஒரு சுற்றோடு நிறுத்தாமல், குடல்தாங்கி மடிப்பில்லாமல் தட்டையாக விரியும் வரை. அவிழ்ப்பதற்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். தேங்கிய அமிலமும் பொட்டாசியமும் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து, அழுத்தம் சட்டென்று விழலாம்.

பிறகு வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியால் குடலைப் போர்த்திக் காத்திருக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம். கைகள் பரபரக்கும் நேரம் இது, ஆனால் அவசரப்பட்டு வெட்டக் கூடாது. கருஞ்சிவப்பாக இருந்த குடல் இளஞ்சிவப்புக்குத் திரும்பும், குடல்தாங்கியில் துடிப்பு தெரியும், தொட்டால் நெளியும்.

அடுத்து லாட் பட்டைகளை அறுத்து, முன்சிறுகுடலை முழு நீளத்துக்கும் விடுவித்து வலப்பக்கமாக நேராக்குவார்கள். பிறகு குடல்தாங்கியின் முன்பக்கச் சவ்வைப் பிரித்து, ஒட்டிக் கிடந்த இரண்டு முனைகளையும் எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்க வேண்டும். மறுபடி முறுக்காமல் காப்பது இந்த அகலம்தான். அரைகுறையாக விட்டால் முறுக்கு திரும்பும். டியூபை முன்சிறுகுடல் வழியாகக் கீழே செலுத்தி, உள்ளே பிறவிச் சவ்வு ஏதும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். குடல்வாலை எடுத்துவிடுவார்கள். பெருங்குடல் இனி இடப்பக்கம் இருக்கப்போவதால், பின்னாளில் குடல்வால் அழற்சி வந்தால் வலி தவறான பக்கம் காட்டும். கடைசியில் சிறுகுடல் வலப்பக்கமும் பெருங்குடல் இடப்பக்கமுமாக வைத்து மூடுவார்கள். குடல் அதன் ‘சரியான’ இடத்துக்குத் திரும்புவதில்லை. முறுக்க முடியாத இடத்துக்குப் போகிறது. தையல் போட்டு எங்கும் நிறுத்துவதும் இல்லை.

முறுக்கு இல்லாமல் சுழற்சிக் குறை மட்டும் உள்ள, நிலையான குழந்தைக்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) செய்யலாம். அறுவைக்குப் பின் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஒட்டுகள் குறைவு என்பது நன்மை, அந்த ஒட்டுகள் குறைவதாலேயே முறுக்கு திரும்பும் வாய்ப்பு சற்று அதிகம். அவசர முறுக்கில், பச்சிளங்குழந்தையில், திறந்த அறுவையே எங்கள் தேர்வு.

குடல் கருத்தே இருந்தால்

சிறு துண்டு மட்டும் இறந்திருந்தால் வெட்டி இணைக்கலாம், அல்லது இரண்டு முனைகளையும் வயிற்றில் திறந்து வைக்கலாம். நீண்ட பகுதி சந்தேகமாக இருந்தால் வெட்டாதீர்கள். தெளிவாக இறந்ததை மட்டும் எடுத்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடி, 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பாருங்கள். முதல் நாள் நம்பிக்கையற்றுத் தெரிந்த குடலில் ஒரு பகுதி உயிர் பிழைத்திருக்கும். பச்சிளங்குழந்தைக்கு ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கு. எவ்வளவு மிஞ்சியது என்று குடலின் வெளி ஓரத்தில் அளந்து எழுதுங்கள். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வால்வு இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வருங்காலம் இந்த இரண்டையும் பொறுத்தது. குடல் போதாமல் போனால் நரம்பு வழி ஊட்டம் மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் நீளும், கல்லீரலைக் காக்க வேண்டும், ஊட்டம் போகும் குழாயில் கிருமி புகாமல் பார்க்க வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதி போயிருந்தால் பி12 பின்னாளில் ஊசியாகத் தேவைப்படும்.

குடல் முழுவதுமே இறந்திருந்தால், பெற்றோரைத் தியேட்டர் வாசலிலேயே அழைத்து உள்ளதைச் சொல்லி, நீண்டகால நரம்பு வழி ஊட்டமும் குடல் மாற்று அறுவையும் நடைமுறையில் என்ன தரும் என்பதை விளக்கி, அவர்களோடு சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு

டியூபில் பச்சை சில நாள் தொடரும். நீண்ட நாள் அடைபட்டு விரிந்த முன்சிறுகுடல் மெதுவாகத்தான் இயங்கத் தொடங்கும், அதற்காகப் பதற வேண்டாம். வடிவது குறைந்து, நிறம் வெளுத்து, மலம் போனதும் தாய்ப்பாலைச் சில மில்லியில் தொடங்கி ஏற்றலாம். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று மறுபடி பச்சையாக வாந்தி எடுத்தால் மட்டும் காரணம் வேறு. ஒட்டுகளால் அடைப்பாக இருக்கலாம், அரிதாக முறுக்கே திரும்பியிருக்கலாம். முதல் தடவை போலவே வேகம் வேண்டும். இந்த ஆபத்து ஆண்டுகள் கழித்தும் இருக்கிறது.

பெருங்குடலின் கடைசி வளைவு முறுக்கிக்கொள்வது வேறு நோய். பெரிய குழந்தைகளில், நாட்பட்ட மலச்சிக்கல் உள்ளவர்களில் வரும். வயிறு பெரிதாக உப்பும். துளை விழாமலும் அழுகாமலும் இருந்தால் எண்டோஸ்கோப் வழியே அவிழ்த்துவிட முடியும். ஆனால் திரும்பத் திரும்ப வரும் என்பதால் பிறகு அந்தப் பகுதியை எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் குடல் சுவரில் நரம்பணுக்கள் இருக்கின்றனவா என்று சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் தாளில் நான்கு விஷயம் எழுதியிருக்கிறதா என்று பெற்றோர் பார்த்துக்கொள்ளுங்கள்: லாட் அறுவை நடந்த தேதி, எவ்வளவு குடல் எடுக்கப்பட்டது, எவ்வளவு மிச்சம், குடல்வால் எடுத்தாகிவிட்டதா. இருபது வருடம் கழித்து வேறு ஊரில் வயிற்றுவலியோடு போய் நிற்கும்போது, ஸ்கேனில் குடல் தலைகீழாகத் தெரிவதைப் பார்த்துத் திகைக்கும் டாக்டருக்கு அந்தத் தாள்தான் முதலில் தேவைப்படும்.